தலைவலி பிளாக்

எங்கள் கல்லூரியில் சி பிளாக் என்று ஒரு கட்டடம். பலகையில்தான் அந்தப் பெயர். எங்கள் வாயில் அது தலைவலி பிளாக். காலையில் உள்ளே போனவன் மதியம் நெற்றியைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருவான்.

முதல் வாரமே சீனியர்கள் உட்கார வைத்துக் கதை சொல்லிவிட்டார்கள். கட்டியவர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டாராம். அதனால்தான் முகப்பில் கழிவறை ஜன்னல்களும், பின்னால் முட்புதரைப் பார்த்தபடி அழகான போர்ட்டிகோவும். புத்தகங்களின் எடையைக் கணக்கில் சேர்க்க மறந்ததால் நூலகம் வருடா வருடம் கீழே இறங்குகிறதாம். இந்த இரண்டு கதைகளும் உலகமெங்கும் பல கல்லூரிகளில் சுற்றுகின்றன என்று பின்னாளில்தான் தெரிந்தது. அன்றைக்கு ஏதோ எங்களுக்கு மட்டும் வாய்த்த பெருமை போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம்.

304ஆம் அறை மட்டும் எங்கள் சொந்தச் சரக்கு. அங்கே ஒருத்தி அழுகிறாள், அவள் அழுதால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கண்ணீர் வரும் என்றார்கள். நான் நம்பவில்லை. முதல் புள்ளியியல் வகுப்பில் பத்தாவது நிமிடம் கண் எரிந்து பொலபொலவென்று கொட்டியது. பக்கத்தில் இருந்தவன் "வந்துட்டா" என்று கிசுகிசுத்தான். தன் பாடம் அவ்வளவு உருக்கமாக இருக்கிறது என்று பேராசிரியர் நினைத்தாரோ என்னவோ, அன்று கால் மணி நேரம் கூடுதலாக நடத்தினார்.

இயற்பியல் துறை அக்கா ஒருவர்தான் ஒரு நாள் கார்பன் டை ஆக்சைடு மீட்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு அந்த வாயு என்று எண்ணும் கருவி அது. வெளியே 420 காட்டியது, அறுபது பேர் உட்கார்ந்து நாற்பது நிமிடத்தில் 2600ஐத் தொட்டது. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுக்காது, இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். குளிர்ச்சி வீணாகக்கூடாது என்று ஜன்னல்களுக்கெல்லாம் ஸ்க்ரூ வேறு அடித்திருந்தார்கள். ஆக, பாடத்தோடு ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்கிக்கொண்டிருந்தோம். அறையைத் தடுத்திருந்த புது பிளைவுட் பலகையை அக்கா முகர்ந்து பார்த்தார். "அழுறவ பேரு ஃபார்மால்டிஹைடு" என்றார். பலகை ஒட்டும் பசையிலிருந்து வரும் வாயு அது, கண்ணை எரிக்கும். இப்படி உள்ளிருப்பவர்களை நோயாளியாக்கும் கட்டடங்களைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 1980களிலேயே பேசிவிட்டதாம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். விக் டாண்டி கதையையும் சொன்னார். இங்கிலாந்துப் பொறியாளர். தன் ஆய்வகத்தில் ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிய, மிரண்டுபோனார். மறுநாள் பட்டறைப் பிடியில் மாட்டியிருந்த அவருடைய வாள்வீச்சு விளையாட்டு வாள் தானாக அதிர்ந்தது. தேடினால், காதுக்கு எட்டாத, ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸ் ஒலி. கிளப்பியது ஒரு மின்விசிறி. கண்ணில் தெரிந்த உருவமும் அந்த ஒலியின் வேலையாக இருக்கலாம் என்று 1998இல் கட்டுரையாகவே எழுதினார். இதைக் கேட்டதும் எங்கள் குழு நேராக நாலாவது மாடிக்குப் போய், பேய்க்குப் பேர்போன ஆய்வகத்தின் எக்ஸாஸ்ட் விசிறியைக் கழற்றிவிட்டது. பேய் போனதா தெரியாது, அமில நெடி போகவில்லை. ஆய்வக உதவியாளர் கத்திய கத்தல் நிச்சயம் 19 ஹெர்ட்ஸ் இல்லை. மூன்று மாடிக்கும் கேட்டது.

மீட்டர் காட்டிய எண்ணைப் பார்த்த நிர்வாகம் 304இல் இரண்டு ஜன்னல்களின் ஸ்க்ரூவைக் கழற்றியது. தலைவலி பாதியாகக் குறைந்தது.

சமீபத்தில் அந்தப் பக்கம் போனேன். முதலாண்டுப் பையன் ஒருவன் என்னைப் புதிதாக வந்தவர் என்று நினைத்து, குரலைத் தாழ்த்தி எச்சரித்தான். "அண்ணா, 304ல ஒரு அக்கா அழுவாங்க. அவங்க மூச்சை எண்ண ஒரு மெஷினே கொண்டுவந்தாங்களாம், 2600க்கு மேல எண்ண முடியாம நின்னுபோச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவங்க போய்வர ரெண்டு ஜன்னல் திறந்து விட்டிருக்காங்க. என்ன ஆனாலும் அதை மட்டும் மூடிடாதீங்க."

சரி தம்பி, மூடமாட்டேன் என்றேன்.