சின்ன கான்கிரீட் வேலைக்கு நம்பிக்கையான கான்ட்ராக்டரைப் பிடிச்ச கதை

வீட்டு முன்னாடி கார் நிறுத்த 20க்கு 15 அடியில ஒரு கான்கிரீட் தளம், பக்கவாட்டுல நடக்க ஒரு பாதை, இவ்வளவுதான் எங்க வேலை. ஆனா இந்த மாதிரி சின்ன வேலைக்குத்தான் நல்ல ஆள் கிடைக்கிறது கஷ்டம். பெரிய கான்ட்ராக்டருங்க வர மாட்டாங்க, வர்றவங்க எதைக் கேட்டாலும் "அதெல்லாம் சூப்பரா பண்ணிடலாம் சார்"னு முடிச்சிடுவாங்க. இப்ப தேடிட்டு இருக்கிறவங்களுக்கு உதவும்னுதான் எழுதுறேன்.

முதல்ல கொட்டேஷன். சில பேர்கிட்ட வாங்கினோம், அதுல ஒண்ணு மட்டும் ரொம்பக் கம்மியா இருந்துச்சு, பேப்பர்ல பார்த்தா மொத்தத் தொகையைத் தவிர வேற ஒண்ணுமே எழுதல. தளம் எவ்வளவு கனம்னு போன் பண்ணிக் கேட்டதுக்கு அப்புறம்தான் 3 இன்ச்னு சொன்னாங்க, மத்தவங்க எல்லாரும் 4 இன்ச் போட்டிருந்தாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, 300 சதுர அடிக்கு 4 இன்ச்னா 100 கன அடி கான்கிரீட், 3 இன்ச்னா 75தான், அதாவது மெட்டீரியல்ல கால்வாசி போயிடுது. அதைவிட முக்கியம், கனம் கால்வாசி குறைஞ்சா தளம் வளையாம தாங்குற பலம் பாதிக்குப் பக்கத்துல வந்துடும். கார் ஏறுற இடத்துல இது விளையாட்டு இல்ல. அதனால எல்லாருக்கும் ஒரே விவரத்தை நீங்களே எழுதிக் கொடுத்து ரேட் கேளுங்க: கனம், கலவை, கம்பி வலை, கீழ போடுற சரளை, வாட்டம் (தண்ணி ஓடுற சரிவு), ஜாயின்ட் (விரிசல் அதுலயே நிக்கட்டும்னு தளத்துல வெட்டுற கோடு). அப்பதான் ரேட்டை ஒப்பிடவே முடியும்.

அடுத்தது அவங்க செஞ்ச பழைய வேலையை நேர்ல போய்ப் பாக்குறது. போன மாசம் முடிச்ச வேலையைக் காட்டுவாங்க, புதுசா எல்லாமே அழகாத்தான் இருக்கும். ரெண்டு மழைக்காலமாவது தாண்டின தளத்தைக் காட்டச் சொல்லுங்க. உள்ளங்கையால மேல தேய்ச்சா மாவு மாதிரி ஒட்டுதா, மேல்தோல் உரிஞ்சிருக்கா, தண்ணி தேங்கின கறை இருக்கா, விரிசல் ஜாயின்ட்லயே நிக்குதா இல்ல இஷ்டத்துக்கு ஓடுதான்னு பாருங்க. அந்த வீட்டுக்காரங்ககிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், வேலை முடிஞ்சப்புறம் கூப்பிட்டா போன் எடுக்குறாரா? ஒரு வீட்டுல "ஓரம் ஒரு இடத்துல உடைஞ்சுது, சொன்ன வாரமே அவரே வந்து சரி பண்ணிட்டுப் போனாரு"ன்னாங்க. அவரைத்தான் வரச் சொன்னோம்.

அவர் வந்ததும் ரேட் பேசவே இல்ல. ஒரு கடப்பாரையை எடுத்து இடம் முழுக்க அங்கங்க குத்திப் பாத்தாரு. ஒரு மூலையில மட்டும் சரக்குன்னு உள்ள இறங்கிடுச்சு, பழைய குழியை மண்ணு போட்டு மூடின இடம். "இதைத் தோண்டி எடுத்துட்டு சரளை போட்டு, தண்ணி விட்டு திமிசால அடிச்சு இறுக்கணும் சார், இல்லன்னா மேல எவ்வளவு நல்ல கான்கிரீட் போட்டாலும் இந்த மூலை உக்காந்துடும்"னாரு. அடுத்து மழைத்தண்ணி எந்தப் பக்கம் போகும்னு கேட்டாரு. வீட்டுச் சுவரை விட்டு வெளிய ஓடுற மாதிரி 10 அடிக்கு ஒண்ணேகால் இன்ச்சாவது வாட்டம் வேணும்னாரு. எனக்கு அங்கயே முடிவாயிடுச்சு. எதுல தப்பாகும்னு வேலைக்கு முன்னாடியே சொல்ற ஆளைத்தான் நம்பலாம்ங்கிறது என் கருத்து.

எல்லாத்தையும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பணம் வேலை வேலையாப் பிரிச்சுக் கொடுக்கிறதா பேச்சு: ஆரம்பிக்க அட்வான்ஸ், அடித்தளம் இறுகினதும் ஒரு பங்கு, கான்கிரீட் போட்டதும் ஒரு பங்கு, கடைசிப் பங்கு தண்ணி ஊத்தி வாட்டம் பாத்தப்புறம்.

கான்கிரீட் போடுற அன்னிக்குக் கண்டிப்பா கூட இருங்க. முக்கியமாப் பாக்க வேண்டியது தண்ணி. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு சுமாரா 25 லிட்டர்தான், மணல் ஈரமா இருந்தா அதுலயும் குறைக்கணும். தளதளன்னு இருந்தா இழுத்துப் பரப்ப சுலபம்னு ஆளுங்க கூட ஊத்தத்தான் பாப்பாங்க, ஆனா அந்த அதிகத் தண்ணி பின்னாடி காயும்போது உள்ள பொடிப்பொடியா ஓட்டை விட்டுட்டுப் போகும், பலமும் போச்சு, சுருங்கி விரிசலும் வரும். எங்க ஆளு மிக்சர் பக்கத்துலயே நின்னு பக்கெட்டால அளந்துதான் ஊத்த விட்டாரு. கம்பி வலை தரையோட கிடந்தா பிரயோஜனமே இல்ல, கவர் பிளாக் (வலையைத் தூக்கி நிறுத்துற சின்னக் கட்டை) மேல நிக்கணும், ஆளுங்க மிதிச்சு அமுங்கின இடத்தை அப்பப்ப தூக்கி விடணும். மேல கசியுற தண்ணி போறதுக்குள்ள கரணை போட்டுத் தேய்க்கவும் விடாதீங்க, காய்ஞ்ச சிமெண்ட்டைத் தூவி அந்தத் தண்ணியை உறிஞ்ச வைக்கவும் விடாதீங்க, மேல்தோல் உரியுறது பெரும்பாலும் இதனாலதான்.

மறுநாளே 10 அடிக்கு மிகாம கட்டம் கட்டமா 1 இன்ச் ஆழத்துக்கு ஜாயின்ட் வெட்டினாங்க. அப்புறம் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தினோம். குறைஞ்சது 7 நாள் ஈரம் காயக்கூடாது, பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்ட்னா 10 நாளுக்கு மேல. இதை யாரு பாத்துக்கிறதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க, இல்லன்னா யாரும் பாக்க மாட்டாங்க.

கடைசியா தண்ணி ஊத்திப் பாத்தப்ப கார் தளம் சுத்தமா வடிஞ்சுது, பக்கத்துப் பாதையில ஒரு கட்டத்துல மட்டும் தேங்குச்சு. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல, அந்தக் கட்டத்தை மட்டும் ஜாயின்ட் வரைக்கும் உடைச்சுத் திரும்பப் போட்டுக் கொடுத்தாரு, அதுக்கும் தண்ணி கட்டி முடிச்சு, மறுபடி ஊத்திக் காட்டிட்டுத்தான் மிச்சப் பணத்தைக் கேட்டாரு.