மஞ்சள் படலமும் மிச்சக் கரைசலும்

தர்மபுரியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் முதுகலை மாணவர்களின் புராஜெக்டுக்கு வழிகாட்டுவது என் வேலைகளில் ஒன்று. மெல்லிய படலம் செய்யவேண்டும் என்று யார் வந்து நின்றாலும் முதலில் நான் கொடுப்பது காட்மியம் சல்பைடுதான். வெற்றிட அறை வேண்டாம், விலையுயர்ந்த கருவி வேண்டாம். பீக்கர், வாட்டர் பாத், தெர்மாமீட்டர், நன்றாகக் கழுவிய கண்ணாடி ஸ்லைடு போதும். ஒரு மதியத்துக்குள் நிஜமான குறைகடத்தி (செமிகண்டக்டர்) ஒன்று மாணவர் கையில் இருக்கும். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள் இவர்கள். குறைகடத்தி என்றால் எங்கேயோ வெளிநாட்டில் செய்கிற பொருள் என்ற எண்ணம் அன்றைக்கே போய்விடும். இந்தச் சேர்மத்தின் மேல் எனக்குள்ள பிரியத்துக்கு அதுதான் காரணம்.

காட்மியம் உப்பைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து அம்மோனியா விடுவோம். முதலில் வெள்ளையாகக் கலங்கும். மேலும் விட்டால் தெளிந்துவிடும். அந்தத் தெளிவுக்காகக் காத்திருக்க வேண்டும். காட்மியம் அயனிகளை அம்மோனியா பிடித்து வைத்துக்கொண்டு, ரேஷன் கடையில் அளந்து போடுவது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. அப்புறம் தயோயூரியா, 70 முதல் 80 டிகிரி வரை சூடு. தயோயூரியா சிதைந்து கந்தகத்தைத் தர, இரண்டும் கண்ணாடி மேல் சேர்ந்து படியும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் கண்ணாடியில் ஒட்டாமல் பொடியாக அடியில் விழுந்துவிடும். நிறம் மாறத் தொடங்கியதும், "மேடம், வந்துருச்சு!" என்று யாராவது கத்துவார்கள். எத்தனை வருடம் கேட்டாலும் எனக்கு அது சலிப்பதில்லை.

ஏன் மஞ்சள் என்று கேட்டால் அங்கேயே பாடத்தைத் தொடங்கிவிடுவேன். இதன் ஆற்றல் இடைவெளி, அதாவது உள்ளே கட்டுண்ட எலக்ட்ரானை விடுவிக்க ஒளி தரவேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 2.42 எலக்ட்ரான் வோல்ட். ஆற்றலை அலைநீளமாக மாற்றித்தரும் எண்ணான 1240-ஐ அதால் வகுத்தால் 512 நானோமீட்டர். அதைவிடக் குறைந்த அலைநீளமுள்ள நீலத்தையும் ஊதாவையும் படலம் விழுங்கிக்கொள்கிறது. மற்றது கடந்து வருகிறது. கண்ணால் பார்த்த நிறத்திலிருந்தே ஒரு எண்ணை எட்டிவிடலாம் என்பது மாணவர்களுக்குப் பெரிய விஷயம்.

படிக அமைப்பை எக்ஸ் கதிரால் அறியும் எக்ஸ்ஆர்டி சோதனையின் முடிவு வந்ததும் அவர்களோடு நான் சண்டை போடுகிற இடம் ஒன்று உண்டு. 26.5 டிகிரிக்கு அருகில் ஒரே ஒரு முகட்டைப் பார்த்துவிட்டு, படிகம் அறுகோண அமைப்பு என்று எழுதிவிடுவார்கள். கனசதுர அமைப்பின் முதன்மை முகடும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் விழும். மற்ற முகடுகளைக் காட்டாமல் எதையும் உறுதியாக எழுதக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

பயன் என்று பார்த்தால், தெருவிளக்கைத் தானாக எரியவைக்கும், காட்மியம் சல்பைடால் செய்த ஒளி உணரியான எல்டிஆர்தான் அவர்களுக்குப் பழக்கமானது. வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை மெகா ஓமிலிருந்து சில கிலோ ஓமுக்கு இறங்கும். நம் கண்ணுக்குப் பச்சை நிறம் தெரிகிற அளவுக்கே அதற்கும் நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்த வேலைக்கு அவ்வளவு பொருத்தம். இன்னொரு பக்கம் சூரிய மின் தகடு; அதில் ஒளியை மின்சாரமாக்கும் காட்மியம் டெல்லூரைடு. அதன் இடைவெளி 1.5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒட்டி, சூரிய ஒளிக்கு ஏற்றதாக இருக்கிறது. சிலிக்கானில் 150 மைக்ரான் வேண்டிய இடத்தில் இதில் இரண்டு மூன்று மைக்ரான் போதும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறந்த ஃபர்ஸ்ட் சோலார் ஆலை செய்வது இந்த வகைத் தகடுகளைத்தான். இவற்றில் ஒளி நுழையும் பக்கத்தில் காட்மியம் சல்பைடை நெடுங்காலம் ஒளியை உள்ளே விடும் ஜன்னல் அடுக்காக வைத்தார்கள். ஆனால் அது நீல ஒளியைத் தானே தின்றுவிடுவதால், மெல்லியதாக்கி, பிறகு வேறு பொருள்களுக்கு மாறி வருகிறார்கள்.

இதெல்லாம் சரி. படலம் எடுத்த பிறகு பீக்கரில் மிச்சமாகும் கரைசலைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன். கண்ணாடியில் ஒட்டுவது கொஞ்சம். போட்ட காட்மியத்தில் பெரும்பகுதி கரைசலிலும் அடியில் படிந்த பொடியிலும்தான் நிற்கிறது. அதை அப்படியே சிங்க்கில் ஊற்றும் ஆய்வகங்களை நேரில் பார்த்திருக்கிறேன். இதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது உடம்பை என்ன செய்யும் என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாறையிலிருந்து கரைந்து வந்த ஃபுளோரைடு எத்தனை பேரின் பல்லிலும் எலும்பிலும் தெரிகிறது! அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது. அதே ஜப்பானில், தொயாமா பகுதியின் ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவோடு கலந்த காட்மியம் நெல்வயலுக்குப் போய், சாப்பிட்டவர்களின் சிறுநீரகத்தையும் எலும்பையும் அழித்தது. இத்தாய் இத்தாய் என்ற அந்த நோய்க்குக் காட்மியமே காரணம் என்று 1968-ல் அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. உள்ளே போன காட்மியம் சிறுநீரகத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் தங்கும்.

அதனால் என் லேபில் மிச்சக் கரைசலில் சோடியம் சல்பைடு விட்டு, கரைந்திருக்கும் காட்மியத்தையும் சல்பைடாகவே கீழே இறக்கிவிடுவோம்; அது தண்ணீரில் கரையாது. வடிகட்டிய படிவு மூடியுள்ள பாட்டிலுக்குப் போகும், அங்கிருந்து உரிமம் பெற்ற அபாயக் கழிவு மையத்துக்கு. அமிலம் அந்தப் பக்கமே வரக்கூடாது, வந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். பீக்கரையும் 250 மில்லியிலிருந்து 50 மில்லிக்குக் குறைத்துவிட்டேன். ஒரு ஸ்லைடுக்கு அது தாராளம்.

இந்த வருடம் ஒரு மாணவி, காட்மியமே இல்லாமல் ஜிங்க் சல்பைடில் செய்து இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்டாள். உடனே சரி என்றேன். அதன் இடைவெளி 3.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல், நீல ஒளியை விட்டுவிடும். ஆனால் படலம் மெதுவாக வளர்கிறது. ஹைட்ராக்சைடும் கலந்து திட்டுத்திட்டாக நிற்கிறது. அடுத்த முறை அம்மோனியாவுக்குப் பதிலாக சோடியம் சிட்ரேட் போட்டுப் பார்க்கப்போகிறோம்.