மின்விசிறி ஓயும் நேரம்

திகில் குறும்படத்தில் பயம் பெரும்பாலும் எடிட்டிங்கில்தான் செத்துப்போகிறது. முதல் நொடியிலிருந்தே பின்னணி இசை உறுமிக்கொண்டிருந்தால், எந்த இடத்தில் திடுக்கிடுவது என்று காதுக்குத் தெரிவதில்லை.

இரவில் ஹாலில் ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வசனம் சுத்தமாகப் பதிவாக, படப்பிடிப்பின்போது மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் அணைத்தாக வேண்டும். மின்விசிறியின் ஓசையைத் தனியே 1 நிமிடம் பதிவுசெய்து, காட்சியின் தொடக்கத்திலிருந்தே தாழ்வாகப் போட்டுவைத்தால், அரை நிமிடத்தில் பார்ப்பவர் அதை மறந்துவிடுவார். கரண்ட் போகும்போது அந்த ஓசை தளர்ந்து அடங்கினால் வயிற்றில் ஏதோ செய்யும். சட்டென்று வெட்டக் கூடாது. நிஜ மின்விசிறி அப்படி நிற்பதில்லை.

அதற்குப் பிறகு வரும் அமைதியிலும் ஏதாவது ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒலி ட்ராக்கை வெறுமையாக விட்டால், ஹெட்போன் பழுதாகிவிட்டதோ என்று பார்ப்பவர் கழற்றிப் பார்ப்பார். லைட்டுகளைக் கழற்றுமுன் அனைவரும் அசையாமல் நிற்க, அதே மைக்கில் 60 நொடி ரூம் டோன் (யாரும் பேசாதபோது அறையில் இருக்கும் மெல்லிய ஒலி) எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் முதலில் தவறிப்போவது இதுதான். ஒலி அளவைத் தானியங்கியில் விட்டிருந்தால் பேச்சு நின்றதும் கேமரா இரைச்சலைத் தூக்கிவிடும். மேனுவலுக்கு மாற்றி, ஒலி மீட்டரில் வசனத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கும்படி வையுங்கள்.

40, 50 ஹெர்ட்ஸில் வரும் மிகத் தாழ்ந்த உறுமல் ஸ்டூடியோ ஸ்பீக்கரில் நெஞ்சை அதிரவைக்கும், போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. குறும்படத்தைப் பலர் போனில்தான் பார்க்கிறார்கள். அதனால் 200 ஹெர்ட்ஸுக்கு மேல் மரம் உரசுவது போன்ற ஓர் ஒலியை உறுமலோடு சேர்ப்பது அவசியம்.

கேமராவில் முதலில் ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 அல்லது 25 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டரை 1/50 நொடியில் வைக்காவிட்டால் சில விளக்குகளின் கீழ் படத்தில் பட்டைகள் ஓடலாம். இருட்டு வேண்டுமென்று மொத்தத்தையும் குறைந்த வெளிச்சத்தில் எடுத்து, பிறகு எடிட்டிங்கில் தூக்கினால் கறுப்பெல்லாம் புள்ளிகளாக நெளியும். ஃபிரேமுக்குள் ஏதாவது ஒரு விளக்கு சரியான வெளிச்சத்தில் இருக்கட்டும். அதை வைத்துத்தான் மற்ற இடத்தின் இருட்டு கண்ணுக்குத் தெரியும்.

நடிகையை ஓர் ஓரத்தில் நிறுத்தி, மறுபக்கம் திறந்த கதவைக் காலியாக விட்டு, 8 நொடி கேமராவை ஆட்டாமல் பிடித்தால் பார்ப்பவரின் கண் தானாகவே கதவுக்குப் போய்விடும். கையில் பிடித்து ஆட்டுவது அவள் ஓடத் தொடங்கிய பிறகு போதும். மெல்ல நெருங்கும் ஷாட்டுக்குக் கேமராவை நகர்த்தும் தண்டவாளம் இல்லையென்றால், ட்ரைபாடின் கால்களுக்கு அடியில் துண்டை விரித்து ஒருவர் மொசைக் தரையில் சீராக இழுக்கலாம். டைல்ஸ் இணைப்புகளில் குலுங்குகிறதா என்று முன்பே இழுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் மேலே வரிசை. முதலில் ஃபிரேமுக்கு வெளியே சமையலறையில் பாத்திரம் நகரும் ஓசை, அடுத்து அவள் முகம், பிறகு காத்திருப்பு, கடைசியில்தான் கேமரா திரும்ப வேண்டும். பாத்திரத்தை முன்பே காட்டிவிட்டால் அது வெறும் தகவல். திடுக்கிடும் ஒலிக்கு முன் ஒன்றரை நொடி ரூம் டோன் மட்டும் இருந்தால் அந்த ஒலி அளவோடு உயர்ந்தாலே போதும், ஹெட்போன் போட்டிருப்பவரின் காதும் பிழைக்கும்.