ஆறா, எட்டா?

கடற்பறவை ஆராய்ச்சியில் இருந்தேன் என்றதும் பலரும் கேட்பது பைனாகுலரைப் பற்றித்தான். நான் வேலை பார்த்த தீவில் அது பெரும்பாலும் பைக்குள்ளேயே கிடந்தது. எங்களுக்கு முக்கியமான கருவி கைதான். எவ்வளவு நீளமான கையோ அவ்வளவு நல்லது.

வெள்ளைத்தாடை பெட்ரல் தென்பெருங்கடலின் குளிர்ந்த தீவுகளில் மண்ணைக் குடைந்து வளைக்குள் முட்டையிடும் பறவை. ஒரு கிலோவுக்கு மேல் எடை, கரும்பழுப்பு உடல், அலகுக்குக் கீழே சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல ஒரு துளி வெள்ளை. வளைக்குள்ளிருந்து அது போடும் கடகடச் சத்தம் பழைய மாலுமிகளுக்குச் செருப்புத் தைக்கும் கடையை நினைவுபடுத்தியிருக்கிறது. அந்தப் பெயரையே பறவைக்கும் வைத்துவிட்டார்கள்.

வேலை இதுதான். எண் போட்ட வளையின் வாயில் குப்புறப் படுக்க வேண்டும். கன்னம் ஈரப்புல்லில் பதியும். ஒரு கை தோள்வரை உள்ளே போகும். முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு வேர்கள், பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு இடம். அதற்கும் அப்பால் கடி. கடி வாங்கும்வரை உள்ளே பறவை இருக்கிறதா என்று தெரியாது. வாங்கிவிட்டால் ஒரு நிம்மதி. கையுறை போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். போட்டால் முட்டை எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. முட்டை ஆண்டுக்கு ஒன்றுதான். அதை உடைத்துவிட்டால் அந்த ஆண்டு அந்த இணைக்கு அவ்வளவுதான். ஆகவே வெறுங்கைதான், கடியும் உண்டு. அந்தப் பறவைகளின் எண்ணெய் வாடை துணியை விட்டுப் போகாது. வீடு திரும்பிப் பல மாதம் கழித்து மழைச்சட்டையை விரித்தால் தீவே எழுந்து நிற்கும்.

கைக்குள் வந்த பறவையின் காலில் உலோக வளையம் இருக்கும், வளையத்தில் எண் இருக்கும். அந்த எண்ணைப் படித்து எழுதத்தான் இத்தனை பாடும். ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் எழுதிவிட்டு எழுதியதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், படித்தவர் மறுபடி வளையத்தைப் பார்த்து ஆமாம் போட வேண்டும். முதல் வாரத்தில் இது எனக்குச் சடங்கு மாதிரி பட்டது. மூன்றாவது பருவத்தில், பனிச்சாரல் அடித்த ஒரு மாலையில், கூட வந்தவர் நாலு வளை தள்ளிப் படுத்திருந்தபோது, நானே படித்து நானே எழுதிக்கொண்டேன். கடைசி இலக்கத்தில் சேறு ஒட்டியிருந்தது. எட்டு என்று எழுதினேன்.

அது ஆறு.

தெரியவந்தது நான்கு ஆண்டுகள் கழித்து. அப்போது நான் தீவில் இல்லை. பழைய குறிப்பேடுகளைக் கணினியில் ஏற்றும் மேசைவேலைக்கு வந்திருந்தேன். மீன்பிடிக் கப்பல் ஒன்றிலிருந்து மூன்று நான்கு கை மாறி ஒரு வளையம் வந்து சேர்ந்தது. தூண்டிலில் மாட்டிச் செத்த பறவையின் காலிலிருந்து கழற்றியது. யாரோ ஒரு மாலுமி அதை எறியாமல் டப்பாவில் போட்டு வைத்திருந்திருக்கிறார், தேதியையும் காகிதத்தில் குறித்து. கடைசி இலக்கம் எட்டு. அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால், செத்து ஓராண்டு ஆன பிறகு அந்தப் பறவை எங்கள் தீவில் வளைக்குள் முட்டைமேல் உட்கார்ந்திருப்பதாகப் பதிவு சொன்னது. யார் எழுதியது என்று குறிப்பேட்டைப் புரட்டினேன். கோணல்மாணலாக, என் கையெழுத்து.

அடுத்தடுத்த இரண்டு வளைகள் அவை. ஒரே நாளில், ஒரே கோவையிலிருந்து எடுத்த வளையங்களை மாட்டியிருக்கிறார்கள். அதனால் எண்கள் அக்கம்பக்கம். வளை மாறியிருப்பது பதிவில் தெரிந்தும் யாருக்கும் உறுத்தவில்லை. பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஆறாம் எண் பறவை அந்தப் பருவத்தில் மட்டும் காணோம், மறு ஆண்டு வந்துவிட்டது. இனப்பெருக்கத்துக்கு ஓராண்டு ஓய்வு எடுத்துக்கொண்டதாக அதன் கணக்கில் ஏறியிருந்தது. ஆக, செத்ததற்கு வேலை கொடுத்து, இருந்ததற்கு விடுப்பு கொடுத்திருந்தேன்.

ஒரு எண்தானே என்று தோன்றலாம். எனக்கும் அன்று காலைவரை அப்படித்தான் இருந்தது. இந்தத் துறையில் எண்ணைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லை என்பதை நான் பிறகுதான் முழுசாக உணர்ந்தேன்.

பசிபிக் கடலின் மிட்வே தீவில் விஸ்டம் என்ற லேசன் அல்பட்ராஸ் பறவை இருக்கிறது. செய்தித்தாள்களில் பலர் பார்த்திருப்பீர்கள், உலகிலேயே வயதான காட்டுப்பறவையாக அறியப்பட்டது. 1956இல் அமெரிக்கப் பறவையியலாளர் சாண்ட்லர் ராபின்ஸ் அதற்கு வளையமிட்டார். அப்போதே முட்டைமேல் இருந்தது, ஆகவே குறைந்தது ஐந்து வயது. 2002இல் அதே ராபின்ஸ் அதே தீவில் ஒரு பறவையைப் பிடித்து, பழைய வளையத்தைக் கழற்றிப் புதியது மாட்டினார். பிறகு பதிவுகளைத் தேடிப் போனபோதுதான், 46 ஆண்டுகளுக்கு முன் தானே வளையமிட்ட பறவை அது என்று தெரிந்தது. 2024 இறுதியில்கூட அது முட்டையிட்டது. இந்தக் கதையில் எல்லோரும் பறவையின் வயதைப் பார்த்து வியக்கிறார்கள். எனக்கு வியப்பாக இருப்பது நடுவில் வந்தவர்கள். உப்புநீரில் வளையம் தேயும்போதெல்லாம் யாரோ ஒருவர் பழைய எண்ணைச் சரியாகப் படித்து, புதிய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். அவர்களில் ஒருவர், ஒரே ஒரு மாலையில், என்னைப்போல் சோம்பியிருந்தால் விஸ்டம் இன்று பெயரில்லாத ஒரு கிழப் பறவை.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் ஜார்ஜ் டன்னட் ஃபுல்மர் பறவைகளை ஆராய்ந்தார். அவருடைய இரண்டு புகைப்படங்கள் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். 1951இல் இளைஞராக ஒரு ஃபுல்மரைக் கையில் பிடித்திருப்பார். 1986இல் அதே பறவையைப் பிடித்திருப்பார். தலை நரைத்து, முகம் சுருங்கி, மனிதர் ஆளே மாறியிருப்பார். பறவையில் ஒரு மாற்றமும் தெரியாது. அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். இங்கே யார் யாரைக் கண்காணிக்கிறார்கள்?

இப்படிப்பட்ட வேலைக்குப் பணம் பெறுவது ஒரு தனிப்பாடு. நிதி கொடுப்பவர் ஒருவர் எங்கள் ஆண்டறிக்கையைப் புரட்டிவிட்டு, "இந்த வருஷம் புதுசா என்ன?" என்று கேட்டார். போன ஆண்டு எண்ணிய அதே வளைகளை இந்த ஆண்டும் எண்ணினோம் என்பதுதான் பதில். அதை அப்படியே சொல்ல முடியாது. நான்கு வண்ண வரைபடங்களுக்குள் ஒளித்துச் சொன்னோம். வேல்ஸின் ஸ்கோமர் தீவில் டிம் பர்க்ஹெட் 1972 முதல் கில்லமாட் பறவைகளைப் பார்த்துவந்தார். அத்தனை ஆண்டுத் தொடருக்கே நிதி நின்று, பொதுமக்களிடம் கேட்டு நடத்தும் நிலை வந்தது. 1950க்கும் 2010க்கும் இடையே, கண்காணிப்பில் இருந்த கடற்பறவைகளின் எண்ணிக்கை 70 சதவீதம் சரிந்தது என்ற மதிப்பீட்டை இன்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த எழுபதுக்கு அடியில் இருப்பது, "புதுசா ஒன்றும் இல்லை" என்று சொல்லக் கூச்சப்பட்டவர்களின் நனைந்த குறிப்பேடுகள்.

அந்தக் கப்பல் வளையத்துக்கு வருகிறேன். ஆயிரங்கால் தூண்டில் என்று தமிழில் நல்ல சொல் இருக்கிறது. ஆனால் பெருங்கடலில் ஓடும் கப்பல்களுக்கு ஆயிரம் என்பது குறைச்சல். பல பத்துக் கிலோமீட்டர் நீளக் கயிறு, அதில் ஆயிரக்கணக்கில் முள். கப்பலின் பின்பக்கம் இரை மாட்டிய முள்ளை வீசும்போது அது மூழ்கச் சில நொடி எடுக்கும். அந்தச் சில நொடிதான் பறவைக்கு எமன். பாய்ந்து இரையைக் கவ்வும், முள் மாட்டும், கயிற்றோடு ஆழத்துக்குப் போகும். பல மணி நேரம் கழித்துக் கயிற்றை இழுக்கும்போது நனைந்த பிணமாக மேலே வரும். வெள்ளைத்தாடை பெட்ரல் நன்றாக முக்குளிக்கக் கூடியது, மூழ்கிய இரையையும் விடாது. அதனால் தென்கடலில் தூண்டிலில் அதிகம் சாவது இதுதான். இப்படி ஆண்டுக்குக் குறைந்தது 1,60,000 கடற்பறவைகள் இறக்கின்றன, 3,20,000ஐத் தாண்டவும் கூடும் என்று 2011இல் ஒரு கணக்குப் போட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் அலையும் அல்பட்ராஸ் போன்ற பறவைக்கு இது தாங்காத செலவு.

தீவில் இருந்தவரை எனக்கு மீனவர்கள்தான் வில்லன்கள். பிறகு ஒரு பயணம் கப்பலில் கணக்கெடுப்பாளராகப் போனேன். பறவை மாட்டிய முள்ளில் மீன் மாட்டாது என்பது கப்பல் தலைவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவரும் பறவை வேண்டாம் என்றுதான் நினைக்கிறார். தீர்வும் அவர்களிடமிருந்தே வந்தது. கப்பலின் பின்னால் உயரத்திலிருந்து ஒரு கயிறு, அதில் வண்ணப் பட்டைகள் தொங்கித் துடிக்கும், பறவைகள் அந்தப் பக்கம் வராது. இதை உருவாக்கியவர்கள் ஜப்பானிய மீனவர்கள், அதனால் 'தோரி' கயிறு. ஜப்பானிய மொழியில் தோரி என்றால் பறவை. அதோடு தூண்டில் கயிறு சீக்கிரம் மூழ்க எடை கட்டுவது, இரவில் தூண்டில் இறக்குவது. செலவு சொற்பம். 2006இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய அல்பட்ராஸ் பணிக்குழுவின் ஆட்கள் கப்பல் கப்பலாக ஏறி இதைக் கட்டிக் காட்டினார்கள். நமீபியாவின் ஆயிரங்கால் தூண்டில் கப்பல்களில் பறவைச் சாவு 98 சதவீதம் குறைந்தது. எங்கள் துறையில் நான் மிகவும் மதிப்பது இவர்களைத்தான். குஞ்சை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் பாக்கியம்கூட இவர்களுக்கு இல்லை. வாந்தியும் டீசல் நாற்றமும்தான்.

எல்லாமே இப்படி நல்லபடியாக முடிவதில்லை. தென் அட்லாண்டிக்கின் தெற்கு ஜார்ஜியா தீவில் எலிகளை ஒழிக்க 2011 முதல் 2015 வரை மூன்று கட்டமாக ஹெலிகாப்டரில் விஷ இரை தூவி, 2018இல் எலி இல்லாத தீவு என்று அறிவித்தார்கள். அந்த நம்பிக்கையில் 2021இல் அதே கடலின் கஃப் தீவில் இறங்கினார்கள். அங்கே சுண்டெலிகள் அல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. தன்னைவிடப் பல நூறு மடங்கு சிறிய ஒரு பிராணி தன்னைத் தின்பதைக் குஞ்சு உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும். நிலத்தில் ஓடும் எதிரி என்று ஒன்றை அதன் முன்னோர்கள் கண்டதே இல்லை. இரை தூவி முடித்துச் சில மாதங்களில், டிசம்பரில், தானியங்கிக் கேமராவில் ஒரு சுண்டெலி தெரிந்தது. ஒன்று தெரிந்தால் போதும். பல ஆண்டு உழைப்பு ஒரு கைப்பிடி உயிரிடம் தோற்றது. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் அலுவலகத்தில் தேநீர் இடைவேளை பேச்சில்லாமல் முடிந்தது.

அடுத்த ஆண்டு பறவைக் காய்ச்சல் வந்தது. ஸ்காட்லாந்தின் பாஸ் ராக்கில் கானெட் பறவைகள் கொத்துக்கொத்தாக விழுந்தன. பிழைத்தவற்றில் சிலவற்றுக்கு வெளிர்நீலக் கண் கறுப்பாக மாறியிருந்தது. அந்த ஆண்டைப் பற்றி எனக்கு அதிகம் பேச விருப்பமில்லை. முகமூடியும் முழு உடுப்பும் போட்டுக்கொண்டு, உயிருள்ளவற்றை எண்ணும் அதே படிவத்தில் பிணங்களை எண்ணினோம்.

என் தவறு தெரிந்த அன்று தீவுத் தொடரின் பொறுப்பாளரிடம் குறிப்பேட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். முப்பது ஆண்டுகளாக அதே வளைகளைப் பார்த்துவந்தவர். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "அழிக்காதே. ஒரு கோடு போட்டு அடி, மேலே சரியானதை எழுது, இன்றைய தேதி போடு, கையெழுத்துப் போடு" என்றார். சிவப்புப் பேனாவையும் நீட்டினார். பிறகு, அது என்னைத் தேற்றவா, இல்லை வேறு எதையோ தேடினாரா என்று தெரியவில்லை, பழைய ஏடு ஒன்றை எடுத்துப் பத்துப் பதினைந்து பக்கம் திருப்பினார். வழியெல்லாம் சிவப்புக் கோடுகள். பாதி அவருடைய கையெழுத்து, மீதி எனக்கு யாரென்று தெரியாதவர்கள்.

அந்தத் திருத்தத்தைப் போட்ட பிறகு என்னால் மேசையில் உட்கார முடியவில்லை. இரண்டு ஆண்டுகள் விண்ணப்பித்து, மறுபடி ஒரு பருவம் தீவுக்குப் போனேன். கூட வந்தவன் புதுப் பையன், கை நீளம், கடிக்குப் பயப்படாதவன். அந்தச் சரிவில் அந்த வளைக்கு வந்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. அவன் குப்புறப் படுத்துக் கையை விட்டான், முகம் சுளித்தான், பறவையை வெளியே எடுத்தான். மழை. நான் ஏட்டைப் பிரித்துப் பென்சிலோடு காத்திருந்தேன். முதல் இலக்கங்களை வேகமாகப் படித்தவன் கடைசியில் கொஞ்சம் இழுத்தான்.

"எட்டு" என்றான்.

எழுதவில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, "கட்டைவிரலால் துடைத்துவிட்டு மறுபடி படி" என்றேன்.