டர்ட்டி பைப்: எங்கள் கர்னலில் அடைத்த கதை

டர்ட்டி பைப் என்பது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இருந்த ஓட்டை: படிக்க மட்டும் அனுமதி உள்ள ஃபைலையும் சாதாரண யூசர் மாற்றிவிட முடியும். அதன் விவரம் வெளியானது 2022 மார்ச் 7, திங்கட்கிழமை. எங்கள் நெட்வொர்க் பெட்டிகளில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது லினக்ஸ் 5.10.60. ஓட்டை 5.8-இலிருந்தே இருந்தது, 5.10 வரிசையில் 5.10.102-இல்தான் அடைத்திருந்தார்கள். எங்கள் கர்னலைப் பராமரிப்பது என் பொறுப்பு என்பதால் அன்று இரவே உட்கார்ந்துவிட்டேன்.

பேட்சை, அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, தொடும் முன் ஓட்டையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம். வர்ச்சுவல் மெஷின் ஒன்றில், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசருக்குச் சொந்தமான, யாரும் எழுத முடியாத, படிக்க மட்டும் அனுமதி உள்ள ஃபைலை வைத்தேன். சாதாரண யூசராக நுழைந்து ஒரு பைப்பை (ஒரு பக்கம் எழுதியதை மறுபக்கம் படிக்க உதவும் குழாய்) திறந்து, முழுக்க நிரப்பி, முழுக்கக் காலி செய்தேன். அந்த ஃபைலிலிருந்து ஒரே ஒரு பைட்டை ஸ்ப்லைஸ் என்ற கர்னல் வசதி மூலம் பைப்புக்குள் விட்டு, பின்னாலேயே நான்கு எழுத்துகளை எழுதினேன். ஃபைலைத் திறந்தால் நடுவில் என் நான்கு எழுத்துகள். ஃபைல் மாறிய நேரம்கூடப் பழையபடியே இருந்தது. ரூட்டாகப் போய் கேஷை, அதாவது படித்த ஃபைல்களுக்கு நினைவகத்தில் இருக்கும் நகலை, காலி செய்ததும் பழைய எழுத்துகள் திரும்பி வந்துவிட்டன. டிஸ்க்கில் ஒரு தடயமும் இல்லை. எனக்கு உடம்பு சில்லிட்டது அங்கேதான்.

காரணம் இதுதான். படித்த ஃபைலைக் கர்னல் 4096 பைட் பக்கங்களாக நினைவகத்தில் வைத்திருக்கும். ஸ்ப்லைஸ் செய்யும்போது நகல் எடுக்காமல் அந்தப் பக்கத்தையே பைப்போடு இணைத்துவிடும். பைப்பின் ஒவ்வொரு இடத்துக்கும் ஃபிளாக்ஸ் என்று ஒரு குறிப்பு உண்டு. அதைப் பூஜ்யமாக்க மறந்ததால், 'இதோடு சேர்த்து எழுதலாம்' என்ற பழைய அடையாளம் அப்படியே தங்கிவிட்டது. மறதி நுழைந்தது 2016-இல், 4.9-இல். நான்கு வருடம் அதனால் பெரிய ஆபத்து இல்லை. 2020-இல் 5.8-இல் அந்த அடையாளம் ஃபிளாக்ஸுக்குள் வந்ததும் அதுவே வாசலாகிவிட்டது. மாக்ஸ் கெல்லர்மேன் என்ற டெவலப்பர் இதைக் கண்டுபிடித்தது, கெட்டுப்போன லாக் ஃபைல்கள் பற்றி வாடிக்கையாளர் சொன்ன புகாரிலிருந்து. அவ்வளவு சிறிய புகாரைக் கர்னல் வரை துரத்திய பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

திருத்தம் மொத்தம் இரண்டு வரி: இரண்டு ஃபங்ஷன்களில் ஃபிளாக்ஸைப் பூஜ்யமாக்குவது. எங்கள் கர்னலின் மூலநிரலில் சிக்கலில்லாமல் ஏறியது. பில்ட் செய்து, பெட்டியில் ஏற்றி, சோதனைக்குக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் டெஸ்டிங் தங்கை வந்து, "அண்ணா, ஃபைல் இன்னும் மாறுது" என்றாள்.

அரை நாள் என் பேட்சையே சந்தேகப்பட்டேன். கடைசியில் ஓடும் கர்னலின் பில்ட் தேதியைப் பார்த்தால் ஏழு மாதம் பழையது! பில்ட் ஸ்கிரிப்ட் புது இமேஜில் தவறான சாவியால் கையெழுத்திட்டிருக்கிறது. பெட்டி தொடங்கும்போது கர்னலை எழுப்பும் பூட்லோடர் அதை ஏற்காமல், அடுத்த பார்ட்டிஷனில் இருந்த பழைய கர்னலைச் சத்தமில்லாமல் எழுப்பிவிட்டது. சாவியைச் சரிசெய்து மறுபடி ஏற்றினோம். ஃபைல் அசையவில்லை.

பேட்ச் மட்டும் ஏற்றினால் வெர்ஷன் 5.10.60 என்றே காட்டும். வாடிக்கையாளரின் பாதுகாப்பு ஸ்கேனர் அந்த எண்ணைப் பார்த்து 'ஓட்டை உண்டு' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவருக்கும் விளக்கக் கடிதம் போனது. வேண்டிய பேட்சை மட்டும் பொறுக்கி எடுப்பது தவறான வழி என்று நான் அப்போதும் வாதாடினேன். ஸ்டேபிள் வரிசையை (திருத்தங்கள் மட்டும் சேர்த்து வெளியிடும் கர்னல் வெர்ஷன்களை) முழுதாக எடுங்கள் என்று அதைப் பராமரிக்கும் கிரெக் குரோவா-ஹார்ட்மன் பல வருடமாகச் சொல்லிவருகிறார். அடுத்த மூன்று வாரத்தில் 5.10.102-க்கு மாறினோம், வெளியிலிருந்து வாங்கிய வைஃபை டிரைவர்தான் படுத்தியெடுத்தது.

அந்த நான்கெழுத்துச் சோதனை இன்றும் எங்கள் இரவு பில்டில் ஓடுகிறது. முதலில் ஓடும் கர்னலின் பில்ட் தேதியைச் சரிபார்க்கும், அதன்பிறகே ஃபைலைத் தொடும்.