அரக்கோணம் கிளம்புகிறேன்
நாளை இரவு ரயில். சி.ஐ.எஸ்.எஃப். என்கிற மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையில் இருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கு டெபுடேஷன் வந்துவிட்டது. அரக்கோணம், 4-வது பட்டாலியன். நானே விருப்பம் எழுதிக் கொடுத்துக் காத்திருந்த போஸ்டிங் இது.

காரணம் எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம்தான். 2023 டிசம்பரில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு மாட்டிக்கொண்டது. நான் அப்போது வடக்கே டியூட்டியில் இருந்தேன். வீட்டுக்கு போன் போகவே இல்லை. அந்த ராத்திரி பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்த மீட்புப் படையின் ஆரஞ்சு உடுப்புக்காரர்கள் வந்ததை ஆச்சி இன்றைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

பெட்டி கட்டி முடியவில்லை. அம்மா சுக்கையும் மிளகையும் இடித்துக் கருப்பட்டியோடு பொட்டலம் கட்டுகிறாள். "நனைஞ்சு வந்தா முதல்ல இதைப் போட்டுக் குடி" என்கிறாள். ஆச்சி திருச்செந்தூர் பன்னீர் இலை விபூதியை என் பர்சில் வைத்துவிட்டாள். அப்பா எதுவும் பேசவில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார்.

ஊரில் இருக்கிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு முன்னால், தெருவில் தனியாக இருக்கும் வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள் யார் யார் என்று எழுதி வையுங்கள். படகு வந்ததும் அந்தப் பட்டியல்தான் முதலில் வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.