பெக்ஸ்ஹில்: பங்களாவிலிருந்து ஒற்றை அறை வரை

தெற்கு லண்டனின் குரோய்டனில் சித்தப்பா வீட்டில் இருந்தபோது, பெக்ஸ்ஹில் போய்வருகிறேன் என்றேன். "அது வயசானவங்க ஊரும்மா, அங்கே போய் என்னத்தப் பாக்கப்போறே?" என்றார். சொன்னவருக்கு எழுபத்தொன்று முடிந்துவிட்டது. சித்திக்குத்தான் சந்தோஷம். பல வருஷம் பக்கத்து வீட்டில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதி, வீட்டை விற்றுவிட்டு அந்த ஊருக்குத்தான் போனார்கள். ஐயா தவறிவிட்டார், அம்மா இருக்கிறார். ஒரு டப்பா ரவா லட்டைக் கையில் திணித்து, "அவங்களைப் பார்த்துட்டு வா" என்றார் சித்தி.

பெக்ஸ்ஹில்-ஆன்-சீ இங்கிலாந்தின் தென்கரையில், ஈஸ்ட்போர்னுக்கும் ஹேஸ்டிங்ஸுக்கும் நடுவில் இருக்கிறது. குன்றின்மேல் ஒரு பழைய கிராமம் முன்பே உண்டு. அதன் கீழே கடலோரத்தில் இருந்த நிலத்தை 1880-களில் டி லா வார் பிரபு குடும்பம் உல்லாச நகரமாக்கியது. சாலை, நடைபாதை, ஹோட்டல் எல்லாம் அப்போது வந்தவை. 1902-ல் பிரிட்டனின் முதல் மோட்டார் கார் பந்தயம் இந்தக் கடற்கரைச் சாலையில்தான் நடந்தது. சாலை பிரபுவின் சொந்த நிலம் என்பதால் வேகக் கட்டுப்பாடு செல்லாது. நீராவிக் காரில் வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஜெயித்தார். இன்று அதே சாலையில் நான் கண்ட அதிவேக வாகனம், பின்னால் சிவப்புக் கொடி கட்டிய ஒரு மின்சார நாற்காலி. ஓட்டிவந்த பாட்டி மணி அடித்து என்னை ஒதுங்கச் சொன்னார்.

நம் ஊர்க்காரர் ஒருவரும் உடம்பு தேற இங்கே வந்திருக்கிறார். கூச் பிஹார் மகாராஜா நிருபேந்திர நாராயண் 1911-ல் பெக்ஸ்ஹில்லில்தான் காலமானார். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி அவருடைய பேத்தி. கடல்காற்று உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கைதான் அன்று இந்த ஊருக்குப் பிழைப்பு.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டும் சேர்ந்த மக்களில் 65 வயதைத் தாண்டியவர்கள் 18.6 சதவீதம். பெக்ஸ்ஹில் அடங்கிய ரதர் மாவட்டத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். நாட்டிலேயே மிக மூத்த மாவட்டங்களின் வரிசையில் முன்னணியில் இருக்கிறது. இங்கே பிறப்பைவிட இறப்பு அதிகம். ஆனாலும் மக்கள்தொகை குறையவில்லை, கூடுகிறது. போகிறவர்களின் இடத்துக்கு லண்டன் பக்கமிருந்து புதிதாக அறுபது வயதுக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் ஒரு வார நாளில், காலை ஒன்பதரைக்குச் சற்று முன்னால் பஸ் நிறுத்தத்தில் போய் நிற்க வேண்டும். ஓய்வூதிய வயது வந்தவர்களுக்கு இங்கிலாந்து முழுக்கப் பஸ் இலவசம். ஆனால் வார நாட்களில் 9:30-க்கு மேல்தான். 9:25 பஸ் வந்தபோது நிறுத்தத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஏறியது நானும் பள்ளிக்குத் தாமதமான ஒரு பையனும் மட்டும். மற்றவர்கள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கு நிதானமாகக் காத்திருந்தார்கள். லண்டனில் வீட்டை விற்றுப் பணத்தோடு வந்தவர்கள் அதில் எத்தனை பேரோ. காசு விஷயத்தில் உலகத்துப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே ஜாதி.

சித்தியின் தோழி கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, முதியோருக்கென்றே கட்டிய அடுக்குமாடியில் இருக்கிறார். கதவைத் திறந்ததும் டப்பாவை வாங்கி, ஒரு லட்டைப் பிட்டுப் பார்த்து, "முந்திரியைக் குறைத்துவிட்டாளே" என்றார். பல வருஷப் பழக்கம் என்றால் இதுதான்.

அவர் தன் வீட்டுக் கதையை வரிசையாகச் சொன்னார். குரோய்டனில் மூன்று படுக்கையறை வீடு. ஓய்வு பெற்றதும் அதை விற்று, பெக்ஸ்ஹில்லின் மேற்கே லிட்டில் காமனில் ஒரு பங்களா வாங்கினார்கள். இங்கே பங்களா என்றால் மாளிகை இல்லை, மாடிப்படி இல்லாத ஒற்றைத் தளச் சின்ன வீடு. அவ்வளவுதான். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அதுதான் சொர்க்கம். லண்டன் விலைக்கும் கடற்கரை விலைக்கும் இருந்த வித்தியாசத்தில் கடன் இல்லாமல் வீடு வாங்கியும் கையில் பணம் மிஞ்சியது. பத்துப் பன்னிரண்டு வருஷம் நன்றாக இருந்தார்கள். கணவர் புல்தரையில் பந்து உருட்டும் 'போல்ஸ்' ஆடினார், இந்த அம்மா தோட்டம் வைத்தார். பிறகு கணவர் போனார். கார் ஓட்டியவர் அவர்தான். கடைக்குப் போக பஸ்தான் என்றானதும் பங்களாவை விற்றுவிட்டு இந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீடு சுத்தமாக, கதகதப்பாக இருக்கிறது. குளியலறையிலும் படுக்கையறையிலும் கூரையிலிருந்து சிவப்புக் கயிறு ஒன்று தொங்குகிறது. நுனியில் முக்கோணப் பிடி. விழுந்துவிட்டால் படுத்தபடியே இழுக்கலாம் என்பதற்காகத் தரைவரை விட்டிருக்கிறார்கள். பெருக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று இந்த அம்மா அதை முடிச்சுப் போட்டு இடுப்புயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தார். மேலாளர் வந்தால் அவிழ்ப்பாராம், போனதும் மறுபடி முடிச்சு.

கீழே எல்லோருக்கும் பொதுவான கூடம். ஒரு மேசையில் ஜிக்ஸா புதிர் பாதி அடுக்கிய நிலையில் கிடந்தது. போகிற வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டைப் பொருத்திவிட்டுப் போகிறார்கள். பெட்டியின் மூடியில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: ஒரு துண்டு குறைகிறது, வானம்.

இனி கசப்பான பகுதி. இந்த வீட்டை "வாங்கினேன்" என்கிறார், ஆனால் வாங்கியது நீண்டகாலக் குத்தகையை. இங்கிலாந்தில் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலானவை அப்படித்தான். கட்டடமும் நிலமும் வேறொருவருடையது. புதிய குத்தகைகளில் நில வாடகை வாங்கக் கூடாது என்று 2022-ல் சட்டம் வந்தது. முதியோர் குடியிருப்புகளுக்கு அது 2023 ஏப்ரலில் அமலானது. அதற்கு முன் கையெழுத்துப் போட்ட பழைய குத்தகைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பராமரிப்புக் கட்டணம் தனி. மேலாளர் சம்பளம், லிஃப்ட், தோட்டம், ஜன்னல் துடைப்பது என்று ஆண்டுக்குப் பல ஆயிரம் பவுண்டு. மேல்தளத்தில் ஒருவர் இறந்து, வீடு விலைபோகாமல் பூட்டிக் கிடக்கிறது. அவருடைய பிள்ளைகள், யாரும் குடியிருக்காத வீட்டுக்கு மாதாமாதம் அந்தக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அறுபது வயதுக்குக் கீழே யாரும் குடியிருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே வாங்க வருகிறவர்கள் குறைவு, விலை சரிகிறது. புதிதாக வாங்கும்போது கொடுத்ததில் பெரும்பகுதி மறுவிற்பனையில் கரைந்த வீடுகளும் உண்டு. கோயம்புத்தூரில் இப்போது வந்துகொண்டிருக்கும் மூத்தோர் குடியிருப்புகளைப் பார்க்கிறவர்கள் நீச்சல்குளத்தைக் கேட்பதற்கு முன், "நாங்கள் போனபிறகு பராமரிப்பை யார் கட்டுவது?" என்று கேட்டுவிடுங்கள்.

இந்த ஊரில் பங்களா, அடுக்குமாடி இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது வீடு முதியோர் இல்லம். அதைப் பற்றிச் சொன்னது இன்னொருத்தி. திருநெல்வேலிப் பெண், என் தோழியின் தங்கை. ஊரில் நர்சிங் முடித்தவள். வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர்களை எடுக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் பிரிட்டன் விசாவைத் திறந்தபோது வந்தவள். அந்தக் கதவு 2025 ஜூலையில் புதியவர்களுக்கு மூடிவிட்டது. இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அந்தக் கட்டடம் ஒருகாலத்தில் விடுதிப் பள்ளியாக இருந்ததாம். இப்படிப் பல உண்டு. கடல்காற்றுக்காகப் பிள்ளைகளை அனுப்பும் தனியார் பள்ளிகள் இந்த ஊரில் நிறைய இருந்தன. கோடைக்கு ஆட்கள் வந்து தங்கும் விடுதிகளும் இருந்தன. ஜனங்கள் ஸ்பெயினுக்கு விமானம் ஏற ஆரம்பித்ததும் விடுதிகள் காலியாயின. 1980-களில் முதியோர் இல்லக் கட்டணத்தை அரசே சமூகநலப் பணத்திலிருந்து தரத் தொடங்கியது. தென்கரை முழுக்க விடுதிக்காரர்கள் பலகையை மாற்றி எழுதினார்கள். 1993-ல் அந்த வழி அடைபட்டது. அதற்குள் இல்லங்கள் நிலைத்துவிட்டன.

"அக்கா, இங்கே வர்றவங்கள்ல பாதிப் பேர் வீட்டைத்தான் சாப்பிடறாங்க" என்றாள். கணக்கு இதுதான். இங்கிலாந்தில் ஒருவருக்கு 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் இல்லச் செலவு முழுவதும் அவருடையது. இந்த வரம்பு 2010-லிருந்து ஒரு பவுண்டுகூட ஏறவில்லை. கணவனோ மனைவியோ அதில் குடியிருந்தால் வீட்டைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். தனி ஆள் என்றால் வீடும் சொத்துதான். கட்டணம் வாரத்துக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டுகிறது. ஒருவர் தன் வாழ்நாளில் பராமரிப்புக்குக் கட்டும் செலவுக்கு 86,000 பவுண்டு உச்சவரம்பு வைப்பதாகச் சொன்ன திட்டத்தை 2024-ல் புது அரசு கைவிட்டது. சொந்தப் பணம் கட்டுகிறவர்கள், அதே இல்லத்தில் உள்ளாட்சி பணம் கட்டும் ஆட்களைவிடச் சராசரியாக 41 சதவீதம் அதிகம் தருகிறார்கள் என்று வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் 2017-ல் கண்டுபிடித்தது. பக்கத்துப் பக்கத்து அறை, ஒரே கஞ்சி, ஒரே ஜன்னல். விலை மட்டும் வேறு.

வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள் நம் ஊரில். இங்கே விற்று விற்றுப் பார்க்கிறார்கள். மூன்று படுக்கையறை, பிறகு பங்களா, பிறகு ஒற்றைப் படுக்கையறை, கடைசியில் ஒரு கட்டிலும் சாய்வு நாற்காலியும் போடும் அளவுக்கு ஓர் அறை. ஒவ்வொரு தடவையும் மிச்சப்பட்ட சாமான் டெவன்ஷயர் சாலையில், தானமாக வந்த பழைய சாமான்களை விற்கும் தர்மக் கடைகளுக்கு வந்து சேர்கிறது. அங்கே ஒரு மணிநேரம் சுற்றினேன். ரோஜாப்பூப் போட்ட முழு டீ செட், கைப்பின்னல் கம்பளிச் சட்டைகள், பெயர் பொறித்த மீன் கத்திகள். யாருக்கும் வேண்டாத நல்ல சாமான்கள். எனக்கும் சூட்கேஸில் இடம் இல்லை.

திருநெல்வேலிக்காரி குடியிருப்பது பெக்ஸ்ஹில்லில் இல்லை. பக்கத்து ஹேஸ்டிங்ஸில் நாலு பேரோடு ஒரு வீட்டைப் பகிர்ந்து இருக்கிறாள். 2025-ல் அவளுக்குக் கிடைத்தது மணிக்கு 12.21 பவுண்டை ஒட்டிய சம்பளம், அந்த ஆண்டு சட்டம் சொன்ன குறைந்தபட்சம் அதுதான். ஞாயிறு காலை ஷிப்டுக்கு ரயில் நேரம் ஒத்துவராது. கூட வேலைசெய்யும் கேரளப் பையன் காரில் ஏற்றிக்கொள்கிறான். ஊருக்கு வடக்கே புதுச் சாலையை ஒட்டிக் குடும்பங்களுக்கென்று புது வீடுகள் எழும்புகின்றன. அவற்றின் விலை லண்டனிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் கட்டும். முகவர் கடை ஜன்னலில் அவள் விரல் வைத்துக் காட்டிய ஒரே மலிவான வீடு, சித்தியின் தோழி இருப்பதைப் போன்ற ஒன்று. "இதை என்னாலகூட வாங்க முடியும்க்கா. அறுபது ஆகணும். இன்னும் இருபத்தெட்டு வருஷம் பொறுக்கணும்."

இந்தத் தென்கரை ஊர்களைக் கடவுளின் காத்திருப்பு அறை என்று வெள்ளைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அந்தக் கிண்டல் பிடிக்கவில்லை. அங்கே யாரும் சும்மா காத்திருப்பதாகத் தெரியவில்லை. கடலோரத்தில் நிற்கும் டி லா வார் பெவிலியன் என்ற பொது மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூதக் கட்டடக் கலைஞர் எரிக் மெண்டல்சோன், செர்ஜ் செர்மாயெஃப்புடன் சேர்ந்து வடிவமைத்தது. 1935 டிசம்பரில் திறந்தார்கள். அதற்குத் திட்டம் போட்டபோது மேயராக இருந்த ஒன்பதாவது டி லா வார் பிரபு ஒரு சோஷலிஸ்ட். பொதுஜனத்துக்குக் கடலோரத்தில் ஒரு மாளிகை வேண்டும் என்று ஊர்ப் பணத்தில் கட்டவைத்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் சுழன்று ஏறும் மாடிப்படி, கடலைப் பார்த்த நீளமான பால்கனி. அங்கே இரண்டு பாட்டிகள் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, தங்கள் கட்டடத்துப் பராமரிப்புக் கட்டணத்தை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்கு எழுதும் மனுவை வரிவரியாகத் திருத்திக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் பத்தியில் 'வருத்தத்துடன்' என்ற சொல்லை அடிக்க வேண்டுமா வேண்டாமா என்று சண்டை. அடித்துவிட்டார்கள்.

தொலைக்காட்சியைக் கண்டறிந்தவர்களில் முன்னோடியான ஜான் லோகி பேர்ட் தன் கடைசிக் காலத்தை இந்த ஊரில் கழித்து 1946-ல் காலமானார். ஸ்டேஷன் அருகே இருந்த அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது நிற்பது, வேறென்ன, அடுக்குமாடி.

போகிறவர்களுக்கு: லண்டன் விக்டோரியாவிலிருந்தோ கிழக்கு குரோய்டனிலிருந்தோ நேர் ரயில் உண்டு, இரண்டு மணிநேரத்தை ஒட்டி ஆகும். ஸ்டேஷனிலிருந்து பெவிலியன் நடக்கும் தூரம், உள்ளே ஓவியக் கூடத்துக்குக் கட்டணம் இல்லை. கரை முழுக்கக் கூழாங்கல், வெறுங்காலோடு நடக்க ஆசைப்படாதீர்கள். லண்டனில் ஏறும்போது இடதுபக்க ஜன்னலாகப் பார்த்து உட்காருங்கள். ஈஸ்ட்போர்னில் ரயில் வந்த வழியே திரும்புவதால் அதற்கப்புறம் கடல் அந்தப் பக்கம்தான் வரும்.